சமூகவியல் படித்தால் சோஷியல் வொர்க்கர் ஆகலாமா?

டர்பன் பக்கம் எந்தக் கல்யாண மண்டபத்திலும் "மகள் சோஷியாலஜி படிக்கிறாள்" என்று சொல்லிப் பாருங்கள். அடுத்த நாற்காலியில் இருக்கும் பெரியம்மா, "ஓ, சோஷியல் வொர்க்கர்! புண்ணியமான வேலை" என்பார். மகளும் மறுத்துப் பேச மாட்டாள்; சிரித்துவிட்டு நகர்ந்துவிடுவாள். பெரியம்மா தப்பாக நினைப்பதால் யாருக்கும் நஷ்டமில்லை. மகளும் அப்படியே நினைத்துக்கொண்டிருந்தால்தான் நஷ்டம். மூன்றாண்டுப் படிப்பு முடிந்து, வேலை விளம்பரத்தின் கடைசி வரியில் "மன்றப் பதிவு கட்டாயம்" என்று பார்க்கும் நாளில்தான் பலருக்கு விஷயம் உறைக்கிறது.

தென்னாப்பிரிக்காவில் சோஷியல் வொர்க்கர் என்பது சட்டம் காவல் காக்கும் பெயர். 1978ஆம் ஆண்டின் 110ஆம் எண் சட்டப்படி, சமூக சேவைத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவு செய்யாதவர் அந்தப் பெயரைப் போட்டுக்கொள்ளவே கூடாது. பதிவுக்கு நான்காண்டு சமூகப் பணிப் பட்டம் வேண்டும். அந்த நான்காண்டுக்குள் மேற்பார்வையோடு செய்த களப்பயிற்சியும் அடக்கம். மூன்றாண்டுச் சமூகவியலுக்கு மேல் முனைவர் பட்டமே வாங்கினாலும் அந்தப் பதிவு கிடைக்காது. சில பல்கலைக்கழகங்கள் முதலாண்டுப் பாடங்கள் சிலவற்றைக் கணக்கில் எடுத்துக்கொள்ளும், அவ்வளவுதான். மீதியை உட்கார்ந்து படித்தாக வேண்டும். இன்னொன்றையும் சொல்லிவிட வேண்டும். அரசே உதவித்தொகை கொடுத்துப் படிக்கவைத்த சமூகப் பணிப் பட்டதாரிகளில் ஆயிரக்கணக்கானோர் இன்று வேலைக்குக் காத்திருக்கிறார்கள். ஆகவே "தப்பான பட்டம் எடுத்துவிட்டேன்" என்று அந்தப் பக்கம் ஓடுவதும் நல்ல கணக்கு இல்லை.

சமூகவியலுக்கு என்று தனிக் கதவு கிடையாது. டாக்டர், வக்கீல் மாதிரி வாசலில் மாட்டிக்கொள்ளப் பலகையும் கிடையாது. எந்தக் கதவு திறக்கும் என்பதை இரண்டு விஷயங்கள் முடிவு செய்கின்றன: சமூகவியலோடு சேர்த்து எடுத்த இரண்டாவது முதன்மைப் பாடம் எது, ஆய்வுமுறைப் பாடத்தை எவ்வளவு கருத்தாகப் படித்தோம். முதலாவதை இரண்டாம் ஆண்டுத் தொடக்கத்துக்குள் முடிவு செய்தாக வேண்டும். பட்டமளிப்பு விழாவுக்குப் பிறகு யோசித்தால், ஒரு வருடப் பணமும் ஒரு வருடக் காலமும் கூடுதலாகப் போகும்.

கணக்கு இப்படி. இளங்கலைப் பட்டம் 360 கிரெடிட், தேசியத் தகுதிச் சட்டகத்தில் 7ஆம் படி. அதன் மேல் ஹானர்ஸ் 120 கிரெடிட், 8ஆம் படி. முதுகலை 180 கிரெடிட், 9ஆம் படி. ஒரு கிரெடிட்டுக்குப் பத்து மணிநேர உழைப்பு என்று வைத்திருக்கிறார்கள். விளம்பரங்கள் பட்டத்தின் பெயரைவிட இந்தப் படியின் எண்ணைத்தான் அதிகம் கேட்கும். "7ஆம் படி, சமூக அறிவியல்" என்று போட்டிருந்தால் சமூகவியல் பட்டதாரி தாராளமாக விண்ணப்பிக்கலாம். "8ஆம் படி" என்றால் ஹானர்ஸ் இல்லாத விண்ணப்பத்தைப் படிக்கக்கூட மாட்டார்கள்.

நம் பிள்ளைகள் அதிகம் எடுக்கும் ஜோடி சமூகவியலும் உளவியலும். இரண்டும் சுவையான பாடங்கள். ஆனால் ஜோடியாக எடுத்தால் இரண்டும் ஒரே முட்டுச்சந்தில் கொண்டுபோய் நிறுத்தும். உளவியலாளர் ஆக முதுகலையும், சுகாதாரத் தொழில்களுக்கான மன்றத்தில் பதிவும் வேண்டும். முதுகலை இடங்களோ விரல்விட்டு எண்ணும் அளவு. புவியியல், வரலாறு, ஆங்கிலம் ஆகியவற்றில் ஒன்றைச் சேர்த்தால் ஆசிரியர் வழி திறந்திருக்கும். பொருளாதாரம் அல்லது புள்ளியியல் சேர்த்தால் தரவு வேலை. மனிதவளம் அல்லது தொழில் உறவுகள் சேர்த்தால் தொழிற்சாலை அலுவலகம். டர்பன் இருக்கும் குவாசுலு-நேட்டால் மாகாணத்தில் இருந்துகொண்டு இசிசூலு, அதாவது சூலு மொழி, சேர்த்தால் எல்லா வழியும் கொஞ்சம் அகலமாகும்.

இசிசூலு பற்றி நம்மவர்களிடம் ஒரு பழைய மயக்கம் உண்டு. கடை வைத்திருந்த தாத்தாக்கள் ஃபனகலோ என்ற கலப்பு மொழியில் சமாளித்தார்கள். "கொஞ்சம் சூலு தெரியும்" என்று வீட்டில் சொல்வது பெரும்பாலும் அந்த ஃபனகலோவைத்தான். அது முதலாளி வேலைக்காரனுக்கு உத்தரவு போடுவதற்காக வளர்ந்த பேச்சு. அதை வைத்துக்கொண்டு ஒரு சூலு மூதாட்டியின் வீட்டு வாசலில் நின்று கேள்வி கேட்டால், பதில் வராது என்பதோடு நிற்காது, அவமரியாதையாகவும் போய்விடும். குவாசுலு-நேட்டால் பல்கலைக்கழகம் 2014 முதல் இளங்கலை மாணவர்களுக்கு இசிசூலுவைக் கட்டாயமாக்கியது. அந்த ஒரு பாடத்தைத் 'தாண்டினால் போதும்' என்று எழுதித் தள்ளாமல் அதற்கு மேலும் இரண்டு பருவம் எடுத்தவருக்குக் களவேலை சீக்கிரம் கிடைக்கும். கூடவே கார் ஓட்டும் உரிமம். களவேலை விளம்பரங்களில் பாதி அதைக் கேட்கும்.

களவேலை

சமூகவியல் பட்டதாரிக்கு முதலில் கிடைக்கக்கூடிய கூலி பெரும்பாலும் வீடுவீடாகப் போகும் கருத்துக்கணிப்பில்தான். அரசுப் புள்ளிவிவரத் துறையான ஸ்டாட்ஸ் எஸ்ஏ, மனித அறிவியல் ஆய்வு மன்றம், பல்கலைக்கழக ஆய்வுகள், சந்தை ஆய்வு நிறுவனங்கள் என்று எல்லோருக்கும் களத்தில் ஆள் தேவை. இதைச் சின்ன வேலை என்று ஒதுக்குகிறவர்கள் பிற்பாடு மேசை வேலைக்குப் போய்த் தடுமாறுவார்கள். தரவு எங்கே கெட்டுப்போகிறது என்பதைத் தெருவில் நின்றவர்தான் அறிவார்.

மனித அறிவியல் ஆய்வு மன்றம் 2003 முதல் நடத்திவரும் சமூக மனப்பாங்கு ஆய்வை எடுத்துக்கொள்ளுங்கள். நாடு முழுக்க 500 சிறு பகுதிகள், பகுதிக்கு 7 வீடுகள், ஆக 3,500. உங்கள் கைக்கு வருவது ஒரு பகுதியின் வரைபடம். அதில் 140 வீடுகள் இருந்தால், 140ஐ 7ஆல் வகுத்து, இருபதாவது வீடு ஒவ்வொன்றும். தொடங்கும் வீடு குலுக்கலில் வரும். 13 வந்தால் 13, 33, 53 என்று போகும். 33ஆம் வீட்டில் நாய் குரைக்கிறது என்று 34க்குப் போனால் அங்கேயே கணக்கு கெட்டது.

வீடு கிடைத்த பிறகு யாரிடம் கேட்பது? இங்கேதான் கிஷ் கட்டம் என்ற அட்டவணை. வீட்டிலுள்ள பதினாறு வயது நிரம்பிய எல்லோரையும் மூத்தவர் முதல் இளையவர் வரை எழுத வேண்டும். கேள்வித்தாளின் வரிசை எண்ணையும் வீட்டிலுள்ள ஆட்களின் எண்ணிக்கையையும் அட்டவணையில் பொருத்தினால், இன்னாரிடம் கேள் என்று அது சொல்லும். நான்கு பேரில் மூன்றாவது ஆள் என்று வந்தால், அது இரவு ஷிப்டுக்குப் போய்த் தூங்கிக்கொண்டிருக்கும் மகனாக இருக்கும். கதவைத் திறந்ததோ பாட்டி. பாட்டி உட்காரச் சொல்லி, டீயும் தந்து, பேசவும் தயாராக இருப்பார். பாட்டியிடமே கேட்டு முடித்துவிடலாம் என்ற சபலம் வரும். ஆயிரம் வீட்டிலும் இப்படியே செய்தால், நாட்டில் பகலில் வீட்டில் இருப்பவர்களின் கருத்து மட்டுமே பதிவாகும். வேலைக்குப் போகும் இளைஞன் தாளிலிருந்தே காணாமல் போவான். மகன் இல்லையென்றால் வேறு நாளில், வேறு நேரத்தில், மொத்தம் மூன்று தடவையாவது போக வேண்டும். சனிக்கிழமை காலை நல்ல நேரம்.

டர்பனில் இந்தியர்கள் அதிகம் வாழும் சாட்ஸ்வர்த், ஃபீனிக்ஸ் பகுதிகளில் இன்னொரு பொறி இருக்கிறது. தெருவிலிருந்து பார்த்தால் ஒரு கேட், ஒரு வீடு. பின்னால் போனால் அவுட்பில்டிங்கில் ஒரு வாடகைக் குடும்பம், கராஜை மாற்றிக் கட்டிய அறையில் இன்னொருவர். சேர்ந்து சமைத்துச் சாப்பிடுகிறவர்கள்தான் ஒரு குடும்பம். உலை மூன்று என்றால் குடும்பம் மூன்று. வாரத்தில் நான்கு இரவாவது அங்கே தங்குகிறவரைத்தான் அந்தக் குடும்பத்தில் சேர்க்க வேண்டும். வீட்டுக்காரர் வாடகைக்காரர்களைப் பற்றி வாய் திறக்கமாட்டார். நகராட்சிக்காரன் வந்திருக்கிறானோ என்று பயம். "பின்னால் யாராவது குடியிருக்கிறார்களா?" என்று கேட்டால் இல்லை என்பார். "இந்தக் கேட் வழியாக எத்தனை வீட்டுக்காரர்கள் வந்துபோகிறார்கள்?" என்று கேட்டால் உண்மை வரும்.

2022 மக்கள்தொகைக் கணக்கெடுப்பில் சுமார் 31 விழுக்காடு மக்கள் விடுபட்டதாகப் பின்னாய்வு காட்டியது. உயரமான மதிலும் மின்கேட்டும் உள்ள தெருக்களில் மணியடித்து நின்ற யாருக்கும் அந்த எண் ஆச்சரியமாக இருக்காது.

கூலி பெரும்பாலும் முடித்த கேள்வித்தாளுக்கு இவ்வளவு என்றுதான். மேற்பார்வையாளர் பத்தில் ஒன்றையாவது தொலைபேசியில் கூப்பிட்டுச் சரிபார்ப்பார். டேப்லெட் நேரத்தையும் இடத்தையும் பதிந்துகொள்கிறது. நாற்பத்தைந்து நிமிடக் கேள்வித்தாளை ஒன்பது நிமிடத்தில் முடித்திருந்தால் தள்ளிவிடுவார்கள், காசும் கிடையாது. வேலையில் சேரும்முன் மூன்று கேள்விகளுக்கு எழுத்தில் பதில் வாங்கிக்கொள்ளுங்கள்: பெட்ரோல் யார் காசு, மூன்று முறை போயும் ஆள் கிடைக்காத வீட்டுக்கு ஏதாவது தருவார்களா, பணம் எந்தத் தேதியில் வரும்.

ஒரு வருடம் களத்தில் இருந்தவர் மேற்பார்வையாளர் ஆகலாம். அதற்கு மேல் போக மாதிரிக் கணக்கு தெரிய வேண்டும். 95 விழுக்காடு நம்பகத்தோடு, கூட்டியோ குறைத்தோ 5 புள்ளிக்குள் பதில் வேண்டுமென்றால் 384 பேர் போதும் என்று புத்தகம் சொல்லும். அது குலுக்கலில் தனித்தனியாக எடுத்த ஆட்களுக்கு. ஒரே தெருவில் ஏழு வீடு எடுத்தால் அந்த ஏழும் ஒன்றுக்கொன்று ஒத்திருக்கும். அதற்காக இரண்டால் பெருக்கினால் 768. ஐந்தில் ஒருவர் பேச மறுப்பார் என்று வைத்தால் 768ஐ 0.8ஆல் வகுக்க வேண்டும், 960 வீடுகள். 384க்கு விலை போட்டு டெண்டரை வாங்கியவர், பாதியில் பணம் தீர்ந்து கையைப் பிசைவார். பேட்டிகளைப் பதிவு செய்யும் ஆய்வென்றால், ஒரு மணிநேரப் பதிவை எழுத்தாக்க நான்கிலிருந்து ஆறு மணிநேரம் பிடிக்கும். இசிசூலுவிலிருந்து மொழிபெயர்க்கவும் வேண்டுமானால் அதற்கு மேலும் ஆகும். இருபது பேட்டியை "ஒரு வாரத்தில் முடித்துத் தருகிறேன்" என்று ஒப்புக்கொள்வது புதியவர்கள் வழக்கமாகச் செய்யும் தப்பு.

தரவோடு உட்காருவது

களத்துக்குப் போக விருப்பமில்லாதவர்கள் தரவுப் பக்கம் போகலாம். பயிற்சிக்குக் காசு கொடுத்துச் சான்றிதழ் வகுப்பில் சேர வேண்டிய அவசியமே இல்லை. கேப்டவுன் பல்கலைக்கழகத்தின் டேட்டாஃபர்ஸ்ட் தளத்தில் பதிவு செய்தால் 2008 முதல் 2017 வரை அதே ஆட்களைத் தொடர்ந்து ஐந்து சுற்றுகளாக எடுத்த தேசிய வருமான இயக்க ஆய்வின் தரவு இலவசமாகக் கிடைக்கும். ஆர் என்ற புள்ளியியல் மென்பொருளும் இலவசம்.

புதியவர்கள் இந்தத் தரவில் வழுக்கி விழும் இடம் ஒன்று உண்டு. சுற்றுகளை ஒன்றோடொன்று இணைக்கக் குடும்ப எண்ணைப் பயன்படுத்துவார்கள். குடும்ப எண் சுற்றுக்குச் சுற்று மாறும். மகள் கல்யாணமாகிப் போவாள், தாத்தா இறந்துபோவார், குடும்பமே இரண்டாகும். ஆளுக்கு ஆள் கொடுத்த எண்தான் ஐந்து சுற்றிலும் மாறாதது. இணைப்பதை அதை வைத்துத்தான் செய்ய வேண்டும். அடுத்த தப்பு, எடைகளை, அதாவது பேட்டி கொடுத்த ஒருவர் நாட்டில் எத்தனை பேருக்குச் சமம் என்று சொல்லும் எண்களை, போடாமல் சராசரி எடுப்பது. எடை போடாத சராசரி ஆய்வில் சிக்கியவர்களின் சராசரி, நாட்டினுடையது அல்ல.

ஒரு கேள்வியை எடுத்து, மூன்று பக்க அறிக்கை, ஒரு வரைபடம், கூடவே நிரல்கோப்பு என்று வைத்துக்கொண்டால் போதும். நேர்காணலில் "எஸ்பிஎஸ்எஸ் தெரியும்" என்று சொல்வதைவிட அந்த மூன்று பக்கம் பேசும். தன்னார்வ நிறுவனங்களும் அரசுத் துறைகளும் கண்காணிப்பு, மதிப்பீடு என்ற பெயரில் ஆள் எடுப்பது இந்தத் திறமைக்காகத்தான். அங்கே நடக்கும் கோளாறும் எப்போதும் ஒன்றே: திட்டம் தொடங்கும்முன் நிலைமை என்ன என்று யாரும் அளந்திருக்க மாட்டார்கள்; மூன்றாண்டு கழித்து "எவ்வளவு மாறியது?" என்று நன்கொடையாளர் கேட்கும்போது உங்களைக் கூப்பிடுவார்கள். வேலைக்குச் சேர்ந்த முதல் வாரமே தொடக்கநிலைத் தரவு எங்கே என்று கேட்பவரைத் தலைக்கனம் என்று நினைப்பார்கள். பரவாயில்லை, கேளுங்கள். நன்கொடைப் பணம் இரண்டு மூன்று வருடத்தில் தீரும் என்பதையும் மனதில் வைத்துக்கொண்டு வீட்டுக்கடன் வாங்குங்கள்.

தொழிற்சாலையும் சட்டமும்

1973 ஜனவரியில் டர்பனில் கொரொனேஷன் செங்கல் தொழிற்சாலையில் தொடங்கிய வேலைநிறுத்தம் துணி ஆலைகளுக்கும் மற்றவற்றுக்கும் பரவியது. தொழில்சார் சமூகவியல் இந்த நாட்டில் வேர்பிடித்ததற்கு அந்த வேலைநிறுத்த அலை ஒரு பெரிய காரணம். இன்று அந்தப் படிப்பு மனிதவள அலுவலகத்திலும் தொழிற்சங்க அலுவலகத்திலும் சோறு போடுகிறது.

வேலை எப்படி இருக்கும் என்றால், ஆண்டு நாட்காட்டியைச் சுற்றித்தான். திறன் மேம்பாட்டுத் திட்டத்தையும் பயிற்சி அறிக்கையையும் ஏப்ரல் 30க்குள் சேட்டா என்ற துறைசார் பயிற்சி ஆணையத்திடம் கொடுக்க வேண்டும். தவறினால், நிறுவனம் கட்டிய ஒரு விழுக்காடு வரியில் திரும்ப வர வேண்டிய பங்கு போய்விடும். வேலைவாய்ப்புச் சமத்துவ அறிக்கைக்கு ஜனவரி 15. 2025 ஜனவரியில் அமலான திருத்தத்துக்குப் பிறகு 50 பேருக்குக் குறைவாக வைத்திருக்கும் நிறுவனங்களுக்கு இந்த அறிக்கைக் கடமை இல்லை. ஐம்பதும் அதற்கு மேலும் என்றால் விற்றுமுதல் எவ்வளவானாலும் கடமை உண்டு. இதையெல்லாம் எழுத, ஊழியர்களைப் பிரிவு பிரிவாக எண்ணிப் பகுக்கத் தெரிந்த ஆள் வேண்டும். சமூகவியல்காரர் மூன்று வருடம் செய்ததே அதுதான்.

வேலையிலிருந்து நீக்கியது நியாயமில்லை என்று தொழில் தகராறுகளைத் தீர்க்கும் சிசிஎம்ஏ ஆணையத்துக்குப் போக ஒரு தொழிலாளிக்கு 30 நாள்தான் அவகாசம். முதல்நாள் அலுவலகத்தில் உட்காரும் உதவியாளர் கற்றுக்கொள்ள வேண்டிய முதல் எண் இது. தொழிற்சங்கப் பக்கம் போகிறவர்களுக்கு டர்பன் வொர்க்கர்ஸ் காலேஜ் போன்ற இடங்கள் உண்டு. சம்பளம் குறைவு, கற்பது அதிகம்.

சட்டமே படிக்க ஆசையென்றால், சமூக அறிவியல் பட்டத்துக்குப் பின் எல்எல்பி மூன்றாண்டு. இளங்கலையில் சட்டப் பாடங்கள் எடுத்திருந்தால் இரண்டு.

கரும்புத் தோட்டத்துக் கல்லறைகள்

நம்மவர்கள் யோசிக்காத வழி ஒன்று. புதிய சாலை, குடியிருப்பு, சுரங்கம் என்று பெரிய அளவில் எது வந்தாலும் 1998ஆம் ஆண்டின் சுற்றுச்சூழல் சட்டப்படி தாக்க மதிப்பீடு நடக்கும். பொதுமக்கள் கருத்துச் சொல்லக் குறைந்தது 30 நாள் தர வேண்டும். சுரங்க நிறுவனங்கள் ஐந்தாண்டுக்கு ஒருமுறை சமூக, தொழிலாளர் திட்டம் தாக்கல் செய்தாக வேண்டும். இந்த ஆலோசனை நிறுவனங்களில் சமூகப் பகுதியை எழுதுவது யார்? பெரும்பாலும் சமூகவியலோ மானிடவியலோ படித்தவர்.

வட கடற்கரையில் வெருலம், டொங்காட், குவாடுகூசா வரை கரும்புத் தோட்டங்கள் வீட்டுமனைகளாகிக்கொண்டிருக்கின்றன. தோட்டத்துக்குள் ஒப்பந்தக் கூலிகளின் பழைய கல்லறைகள், மாரியம்மனுக்கு எழுப்பிய தகரக் கொட்டகைக் கோயில்கள் இன்னும் இருக்கின்றன. 1999ஆம் ஆண்டின் மரபுரிமைச் சட்டத்தின் 36ஆம் பிரிவு, நகராட்சி இடுகாட்டுக்கு வெளியே உள்ள அறுபது வயதைத் தாண்டிய கல்லறையை அனுமதியின்றித் தொடக்கூடாது என்கிறது. அனுமதிக்கு முன் உறவினரைத் தேட வேண்டும். அந்த இடத்திலேயே அறிவிப்பு வைக்க வேண்டும். அறுபது நாள் காத்திருக்க வேண்டும். தமிழ் எழுத்தில் செதுக்கிய கல்லைப் படிக்கத் தெரிந்த, அந்த ஊர்க் கோயில் கமிட்டித் தலைவரிடம் "ஐயா, வணக்கம்" என்று பேச்சைத் தொடங்கத் தெரிந்த ஆய்வாளர் இந்த மாகாணத்தில் எத்தனை பேர்? தமிழ் பேசுவதே குறைந்துபோன ஊரில், எழுத்துக்கூட்டிப் படிக்கத் தெரிவது சம்பளம் தரும் திறமையாகிவிட்டது. வேலை ஒப்பந்த அடிப்படையில்தான் வரும், மாதச் சம்பளம் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

கலந்தாய்வுக் கூட்டம் ஏற்பாடு செய்கிறவர்களுக்கு ஒரு வார்த்தை. வேலைநாள் காலைப் பத்து மணிக்குக் கூட்டம் வைத்தால் வருவது ஓய்வுபெற்றவர்கள் மட்டும். தைப்பூசக் காவடி நாளிலோ, பெரிய வெள்ளியன்று மாரியம்மன் கோயில் கூட்டத்தின் நடுவிலோ வைத்தால் அவர்களும் வரமாட்டார்கள். பிறகு "சமூகத்திடமிருந்து எதிர்ப்பு இல்லை" என்று அறிக்கை எழுதுவார்கள். அதை வைத்தே எதிர்த்தரப்பு வழக்குப் போடும். கூட்டக் குறிப்பேட்டில் வந்தவர் பெயர் மட்டும் போதாது. யார் எந்தக் கேள்வி கேட்டார், என்ன பதில் சொன்னோம் என்று வரிக்கு வரி இருக்க வேண்டும்.

இதே திறமையை மறுபக்கத்திலிருந்தும் பயன்படுத்தலாம். மெரபேங்க் மாதிரி சுத்திகரிப்பு ஆலைகளின் புகையைப் பல தலைமுறையாகச் சுவாசித்த பகுதிகளில், தெற்கு டர்பன் சமூகச் சுற்றுச்சூழல் கூட்டணி போன்ற அமைப்புகள் ஆய்வும் எழுத்தும் தெரிந்தவர்களை வைத்துத்தான் ஆலைகளோடு மல்லுக்கு நிற்கின்றன.

ஆசிரியர் வேலை

பிஜிசிஇ என்ற ஓராண்டு ஆசிரியர் பயிற்சிச் சான்றிதழ், 120 கிரெடிட், அதன் பிறகு ஆசிரியர் மன்றப் பதிவு. கேட்க எளிது. ஆனால் பள்ளியில் சமூகவியல் என்று ஒரு பாடமே இல்லை. சமூகவியலை லைஃப் ஓரியன்டேஷன் என்ற வாழ்க்கைத் திறன் பாடத்துக்குக் கணக்கில் எடுப்பார்கள். அதோடு இன்னொரு பள்ளிப் பாடமும் வேண்டும். 10 முதல் 12ஆம் வகுப்புக்கு எடுக்க விரும்பும் பாடத்தைப் பட்டத்தில் மூன்றாம் ஆண்டு வரை படித்திருக்க வேண்டும். 7 முதல் 9 என்றால் இரண்டாம் ஆண்டு வரை. முதலாண்டோடு வரலாற்றை விட்டவர் இங்கே மாட்டிக்கொள்வார். தனியாகப் பணம் கட்டி அந்தப் பாடங்களை முடித்துவிட்டு வரச் சொல்வார்கள். அரசின் ஃபுன்சா லுஷாகா உதவித்தொகை பிஜிசிஇக்கும் உண்டு, தட்டுப்பாடான பாடம் எடுப்பவருக்கு முன்னுரிமை. வாங்கிய ஆண்டுக்கு ஓர் ஆண்டு அரசுப் பள்ளியில் வேலை பார்க்க வேண்டும் என்பது நிபந்தனை.

பல்கலைக்கழக ஆசிரியர் ஆவது தனிக் கதை: ஹானர்ஸ், முதுகலை, முனைவர் என்று பெரும்பாலும் ஏழெட்டு வருடம். மனிதநேய, சமூக அறிவியல் தேசிய நிறுவனம் முனைவர் பட்டத்துக்கு உதவித்தொகை தருகிறது. ஃபாத்திமா மீர் 1956இல் நேட்டால் பல்கலைக்கழகத்தில் சமூகவியல் கற்பிக்கப் போன காலத்தில் இந்தியப் பெண்ணுக்கு அந்த வாசலே மூடியிருந்தது. இன்று வாசல் திறந்திருக்கிறது, உள்ளே நாற்காலிதான் குறைவு.

அரசு விண்ணப்பம்

அரசுப் பணியிடங்களைப் பொதுச்சேவைத் துறை வாரந்தோறும் சுற்றறிக்கையாக வெளியிடும். விண்ணப்பப் படிவம் இசட் 83. 2021 ஜனவரி 1 முதல் புதிய படிவம் நடைமுறையில் இருக்கிறது. பழையதை எங்கிருந்தோ இறக்கி நிரப்பினால் குப்பைக்கூடைதான். ஒரு பணியிடத்துக்கு ஒரு படிவம். சுற்றறிக்கையில் உள்ள குறிப்பு எண்ணை எழுத்து பிசகாமல் எழுத வேண்டும். கடைசியில் உறுதிமொழியின் கீழ் கையெழுத்தும் தேதியும். கணினியில் நிரப்புகிறவர்கள் கையெழுத்தை மறந்துவிட்டு அனுப்புவதுதான் அதிகம் நடக்கும் விபத்து. கல்வி, அனுபவம் பகுதிகளில் "தன்விவரம் பார்க்கவும்" என்று போட இடமுண்டு. மற்றப் பகுதிகளில் போட்டால் தள்ளுவார்கள். சான்றுநகல்களை முதலிலேயே அனுப்ப வேண்டாம், சுருக்கப்பட்டியலில் வந்தவரிடம்தான் கேட்பார்கள். அப்போது போலீஸ் நிலையத்திலேயே காசில்லாமல் முத்திரை போட்டு வாங்கலாம்.

தமிழ்நாட்டிலிருந்து வந்து குடியேறியவர்களின் பிள்ளைகளுக்கு இரண்டு விஷயம். அங்கே வாங்கிய பட்டத்தை சாக்வா என்ற தேசியத் தகுதி ஆணையத்திடம் மதிப்பிட்டு வாங்காமல் எந்த அரசு வேலையிலும் சேர முடியாது. மதிப்பெண் பட்டியல்கள் எல்லாவற்றையும் ஊரிலிருந்து கிளம்பும்போதே எடுத்து வந்துவிடுங்கள். அடுத்தது, கறுப்பினப் பொருளாதார மேம்பாட்டுச் சட்டத்தில் 'கறுப்பினத்தவர்' என்பதில் இந்தியர்களும் அடக்கம். ஆனால் பிறப்பாலோ வம்சாவளியாலோ குடிமகனாக இருப்பவரும், 1994 ஏப்ரல் 27க்கு முன் குடியுரிமை பெற்றவரும், நிறவெறிச் சட்டத்தால் அதற்கு முன் பெற முடியாமல் போனவரும் மட்டும். ஆகவே பயிற்சித் திட்டங்களில் சாட்ஸ்வர்த் பையனுக்குக் கிடைக்கும் இடம் உம்லங்கா ராக்ஸில் இருக்கும் கோயம்புத்தூர்க் குடும்பத்துப் பையனுக்குக் கிடைக்காமல் போகலாம். இருவர் வீட்டிலும் ஒரே சாம்பார் கொதித்தாலும்.

கடைசியாகத் தேடும் சொற்கள். வேலைத் தளங்களில் 'சோஷியாலஜிஸ்ட்' என்று தட்டினால் நாலைந்து விளம்பரம் வந்தாலே அதிகம். ரிசர்ச் அசிஸ்டன்ட், ஃபீல்டு சூப்பர்வைசர், மானிட்டரிங் அண்ட் இவால்யுவேஷன், கம்யூனிட்டி லயசான், சோஷியல் ஃபெசிலிடேட்டர், பப்ளிக் பார்டிசிபேஷன், ஸ்டேக்ஹோல்டர் என்கேஜ்மென்ட், எம்ப்ளாய்மென்ட் ஈக்விட்டி, ஸ்கில்ஸ் டெவலப்மென்ட் என்று ஒவ்வொன்றாகத் தட்டுங்கள். புதிய விளம்பரம் வந்தால் தெரிவிக்கும் மின்னஞ்சலையும் ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் போட்டுவையுங்கள்.